விலை நடுவில் இருக்கட்டும், சரக்கு அந்தந்த ஊரில் கிடக்கட்டும்

புதிதாக ஓர் இணைய விளையாட்டைக் கட்டிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு,

காரைக்குடியிலிருந்து வணக்கம்.

ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து ஆடப்போகும் உங்கள் விளையாட்டில், எல்லாரும் வாங்கவும் விற்கவும் ஒரே மைய அங்காடி வைக்கலாமா என்று ஆட்டக்காரர்களிடம் கேட்டிருக்கிறீர்கள். ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டே கட்டம். அந்த இரண்டு கட்டத்துக்கே எங்கள் கில்டில் சண்டை வந்துவிட்டது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், புதுவயல் என்று சுற்றுவட்டாரத்து ஆட்கள் சேர்ந்து ஆடுகிற கூட்டம் எங்களுடையது. பாதிப் பேர் அங்காடி இல்லாவிட்டால் அந்தப் பக்கமே வரமாட்டோம் என்கிறார்கள். மீதிப் பேர் அங்காடி வந்த அன்றைக்கே ஆட்டம் செத்தது என்கிறார்கள். என் பதில் உங்கள் கட்டத்துக்குள் அடங்கவில்லை, அதனால் மடலாக எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்காடி வேண்டும். அதை நீங்களே கட்ட வேண்டும், வெளியாள் யாரும் கட்டும்படி விட்டுவிடக் கூடாது. ஆனால் நடுவில் இருக்க வேண்டியது விலை மட்டும்தான். சரக்கு அது விளைந்த ஊரிலேயே கிடக்க வேண்டும், யாராவது வந்து சுமந்துகொண்டு போகும்வரை.

இதைச் சொல்ல நான் யார் என்று கேட்பீர்கள். முனீசுவரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறேன். பகலெல்லாம் எனாமல் தூக்கு, பர்மா மரவை, பெல்ஜியம் கண்ணாடி, இடித்த வீட்டுக் கதவு நிலை. இரவு கடையடைத்துச் சாப்பிட்ட பிறகு கணினி. வாள் வீசுவதில் நான் சுமார்தான். கில்டுக்கு வாங்குவதும் விற்பதும் என் பொறுப்பு, அதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று பையன்கள் சொல்வார்கள். பாராட்டா கிண்டலா என்று நான் விசாரிப்பதில்லை.

அங்காடி இல்லாத விளையாட்டுகள் எப்படி இருந்தன என்று இப்போது ஆட வரும் பிள்ளைகளுக்குத் தெரியாது. 1999இல் வந்த எவர்குவெஸ்ட்டில் கிழக்கு காமன்லேண்ட்ஸ் என்ற பகுதியில் ஒரு சுரங்கப்பாதை இருந்தது. யாரும் அதைச் சந்தையாகக் கட்டவில்லை. ஆட்டக்காரர்கள் தாங்களாகவே அங்கே கூடி, என்ன இருக்கிறது, என்ன வேண்டும் என்று மணிக்கணக்காகக் கத்திக்கொண்டு நின்றார்கள். 2001 கடைசியில் வந்த விரிவாக்கத்தோடு பஜார் என்ற அங்காடி வந்தது, சுரங்கம் வெறிச்சோடியது. ரூன்ஸ்கேப்பில் வாரக் நகரத்து வங்கி வாசலில் இதே கூச்சல் இருந்தது. 2007 நவம்பரில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற மைய அங்காடி வந்தபின் அடங்கியது. ரக்னராக்கில் வணிகர் வேடம் எடுத்தவர்கள் புரோண்டெரா தெருக்களில் வரிசையாகக் கடை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். கணினியை அணைக்காமலே தூங்கப் போய்விடுவார்கள், விடிந்து பார்த்தால் பாதிச் சரக்கு விற்றிருக்கும்.

அந்தக் காலத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் எங்கள் கில்டிலும் உண்டு. ‘முகம் பார்த்துப் பேசி வாங்கினோம் அண்ணே, இப்ப பட்டனை அமுக்குறோம்’ என்பார்கள். ஏக்கம் நியாயமானது. ஆனால் அப்போது அவர்கள் எல்லாரும் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இன்று ஒருவருக்குக் கல்லுக்கட்டியில் ஜவுளிக்கடை, இன்னொருவருக்கு அழகப்பா பல்கலைக்கழகத்தில் வேலை. இரவில் கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் கத்திக்கொண்டிருக்க எவரும் தயாரில்லை.

அங்காடியைக் கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சாட்சி பாத் ஆஃப் எக்ஸைல். நியூசிலாந்தைச் சேர்ந்த கிரைண்டிங் கியர் கேம்ஸ் 2013இல் வெளியிட்டது. அதில் தங்கக் காசே வைக்கவில்லை. பொருளை மாற்றியமைக்க உதவும் உருண்டைகள்தான் பணம். வியாபாரம் சிரமமாக இருக்க வேண்டும் என்பதை அவர்கள் தெரிந்தே, காரணம் சொல்லியே வைத்திருந்தார்கள். வியாபாரம் சுலபமானால் எல்லாருக்கும் நல்ல பொருள் சீக்கிரம் கிடைத்துவிடும், அதைச் சரிக்கட்ட அரக்கனிடமிருந்து விழும் பொருளைக் குறைக்க வேண்டியிருக்கும் என்பது அவர்கள் வாதம். வாதம் சரி. நடைமுறை எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

எனக்கு ஒரு மோதிரம் வேண்டும். இணையதளத்தில் தேடினால் வரிசையாக இருபது பேர் விலை போட்டிருக்கிறார்கள். முதல் ஆளின் பெயருக்குப் பக்கத்தில் அழுத்தினால், ‘இன்ன விலைக்குப் போட்டிருக்கும் இந்த மோதிரத்தை வாங்க விரும்புகிறேன்’ என்று ஒரு தயார் வாக்கியம் கிடைக்கும். அதை விளையாட்டுக்குள் ஒட்டி அனுப்ப வேண்டும். பதில் வராது. அடுத்த ஆள், பதில் வராது. மூன்றாவது ஆள் அதற்குள் ஆட்டத்தைவிட்டுப் போயிருப்பார். இவர்களில் சிலர் விற்பதற்காகப் போட்டவர்களே இல்லை. விலையைத் தாழ்த்திக் காட்டினால் விவரம் தெரியாத புதுப் பையன் தன் மோதிரத்தையும் அதே விலைக்குப் போடுவான், அதை அள்ளிக்கொள்ளலாம் என்று வலை விரித்தவர்கள். கடைசியில் ஒருவர் ‘சண்டையில் இருக்கிறேன், ஐந்து நிமிடம்’ என்பார். அவர் குழுவில் சேர்ந்து, அவர் மறைவிடத்துக்குப் போய், வியாபாரச் சன்னல் திறந்து, வைத்த பொருள் ஒவ்வொன்றின்மீதும் அம்புக்குறியைக் கொண்டுபோய்ப் பார்த்தால்தான் ‘சம்மதம்’ பொத்தானே வேலை செய்யும். கடைசி நொடியில் பொருளை மாற்றி வைத்து ஏமாற்றுகிறவர்கள் இருந்ததால்தான் அந்தப் பாதுகாப்பு. விற்கிறவர் பாடும் இதே பாடுதான். சில்லறைக் காசுக்குச் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வர வேண்டும்.

இப்படிப் பத்தாண்டுக்கு மேல் ஓட்டினார்கள். 2024 ஜூலையில் உருண்டைகளை மாற்றிக்கொள்ள மட்டும் ஒரு பரிமாற்ற நிலையம் வைத்தார்கள். 2025இல் பொருள்களுக்கும், விற்பவர் ஆட்டத்தில் இல்லாதபோதே வாங்கிக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தார்கள். இரண்டுக்கும் கட்டணமாகத் தங்கம் என்று புதிதாக ஒன்றை வைத்தார்கள், அந்தத் தங்கத்தை ஒருவர் இன்னொருவருக்கு விற்க முடியாது, ஆடித்தான் சேர்க்க முடியும். நல்ல யோசனை, நீங்கள் கூசாமல் எடுத்துக்கொள்ளலாம். நான் கவலைப்படுவது இடைப்பட்ட காலத்தைப் பற்றி. நிறுவனம் கட்டாத அங்காடியை முதல் சில ஆண்டுகள் ஆட்டக்காரர்களே வெளியே இணையதளமாகக் கட்டி நடத்தினார்கள். வார்ஃபிரேம் என்ற விளையாட்டிலும் இதே கதைதான். வெளியே கட்டிய அங்காடியில் பொய்விலை போட்டவனை உங்களால் தண்டிக்க முடியாது, வரி வசூலிக்க முடியாது, என்ன நடக்கிறது என்றுகூடச் சரியாகத் தெரியாது. எல்லாவற்றையும்விட, அந்தத் தளம் இருப்பது தெரியாத புது ஆள் உங்கள் விளையாட்டில் என்றைக்கும் ஏமாளியாகவே திரிவான்.

சரி, அப்படியானால் ஒரே பெரிய பெட்டியாக வைத்துவிட்டால்? அதற்கும் சாட்சி இருக்கிறது.

டயாப்லோ 3 வந்தது 2012 மே 15. தங்கக் காசுக்கு ஓர் ஏலக்கூடம், உண்மைப் பணத்துக்கு இன்னொன்று, இது ஜூனில் திறந்தது. ஆயுதம் ஒன்று விற்றால் நிறுவனத்துக்கு 1 டாலர், மற்றச் சரக்குக்கு 15 சதவீதம். 2013 மேயில் ஒரு மேம்படுத்தலில் எண் கணக்கில் ஓட்டை விழுந்து, சிலர் தங்கத்தைக் குட்டிபோட வைத்தார்கள். ஏலக்கூடத்தை அவசரமாக மூட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில், அரக்கனைக் கொன்று பொருள் எடுக்கும் இன்பத்தையே இது கெடுக்கிறது என்று ஒப்புக்கொண்டு, 2014 மார்ச் 18இல் ஏலக்கூடத்தையே இழுத்து மூடினார்கள். எங்கள் பையன்கள் இதைச் சொல்லும்போது ‘உண்மைப் பணம் வந்ததால்தான் நாசமாச்சு’ என்று முடித்துவிடுகிறார்கள். அவர்கள் மூடியது இரண்டையுமே. தங்கக் கூடமும் அதே நாளில் போயிற்று.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், எண்கள் என் கற்பனைதான். ஒரு நல்ல வாள் பத்தாயிரம் அரக்கர்களுக்கு ஒன்று விழுகிறது. நீங்கள் ஒரு நாளில் ஆயிரம் அரக்கர்களைக் கொல்கிறீர்கள். பத்து நாளைக்கு ஒரு வாள், பிடித்தால் சந்தோஷம். ஆனால் ஒரு லட்சம் பேர் அதேபோல் ஆடினால் ஒரே நாளில் பத்தாயிரம் வாள் விழுகிறது. பத்தாயிரமும் ஒரே பெட்டிக்குள் வந்து குவிகிறது. வாள் தேய்வதில்லை, உடைவதில்லை, நாளைக்கு இன்னொரு பத்தாயிரம். வாரக் கடைசியில் அந்த வாள் சில்லறைக் காசு. நீங்கள் பத்தாவது நாள் கண்டெடுத்த வாள் ஏற்கெனவே உங்கள் இடுப்பில் தொங்குவதைவிட மட்டம், ஏனென்றால் அதைவிட நல்லதைச் சல்லி விலைக்கு முன்பே வாங்கிவிட்டீர்கள். அப்புறம் எதற்கு அரக்கனைத் தேடிப் போக வேண்டும்?

ஆட்டம் செத்தது என்று எங்களில் பாதிப் பேர் சொல்வது இதைத்தான். அவர்கள் நோயைச் சரியாகப் பார்க்கிறார்கள். மருந்தாகச் சொல்வதுதான், அதாவது வாங்குவதையும் விற்பதையும் வேண்டுமென்றே கஷ்டப்படுத்துவதுதான், எனக்கு ஒவ்வவில்லை. இரண்டு வேறு வழிகள் இருக்கின்றன. பொருள் அழிய வேண்டும், பொருள் தூரத்தில் இருக்க வேண்டும்.

அழிவதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. விண்வெளி விளையாட்டான ஈவ் ஆன்லைனில் கப்பல் வெடித்தால் போனது போனதுதான், அதனால் இரண்டு பத்தாண்டுகளுக்கு மேலாகியும் கப்பல் கட்டுகிறவனுக்கு வேலை இருக்கிறது. ரூன்ஸ்கேப்பின் பழைய வடிவத்தை மீண்டும் கொண்டுவந்த ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் 2021 டிசம்பரில் விற்பனைக்கு 1 சதவீத வரி போட்டு, அந்த வரிப்பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு சில பொருள்களை அங்காடியிலிருந்தே வாங்கி அழித்தார்கள். 2025இல் வரியை 2 சதவீதமாக்கினார்கள். இந்த மாதிரி ஏதாவது ஒன்றை முதல் நாளிலிருந்தே வையுங்கள். பின்னால் கொண்டுவந்தால் ‘எங்கள் சொத்தில் கை வைக்கிறார்கள்’ என்று கலவரமாகும்.

தூரம்தான் என் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள்.

ஈவ் ஆன்லைன் 2003இல் ஐஸ்லாந்திலிருந்து வந்தது. அதன் அங்காடி வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்தது, வாங்கிய சரக்கு அது இருக்கிற நிலையத்திலேயே கிடக்கும், நீங்கள்தான் போய் ஏற்றி வர வேண்டும். இன்ன இடம்தான் பெரிய சந்தை என்று நிறுவனம் அறிவிக்கவில்லை. ஆரம்பத்தில் யூலாய் என்ற இடத்தில் கூடினார்கள், விண்வெளிப் பாதைகளை நிறுவனம் மாற்றியமைத்ததும் கூட்டம் ஜிட்டாவுக்கு நகர்ந்தது, இன்றுவரை அங்கேதான். 2012இல் ஒரு பெரிய கூட்டணி ஜிட்டா பக்கம் வந்த சரக்குக் கப்பல்களைத் திட்டம் போட்டுச் சுட்டுத் தள்ளியது. நிறுவனம் தடுக்கவில்லை, அது ஆட்டத்தின் பகுதி என்று விட்டுவிட்டது. ஓட்டத் தெரியாதவர்களுக்கும் அங்கே வழி உண்டு. சுமைகூலி ஒப்பந்தம் போட்டு இன்னொருவரிடம் ஏற்றி அனுப்பலாம். சுமப்பவர் முன்கூட்டியே பிணைத்தொகை கட்ட வேண்டும், சரக்கு வந்து சேராவிட்டால் அந்தப் பிணை சரக்குக்காரருக்குப் போய்விடும். இந்த ஏற்பாட்டை முதன்முதலில் பார்த்தபோது, யாரோ எங்கள் ஊர் ஆள்தான் உள்ளே இருக்கிறார் என்று நினைத்தேன்.

எங்கள் கில்டு அதிகம் ஆடுவது ஆல்பியன் ஆன்லைன். பெர்லின்காரர்கள் 2017இல் வெளியிட்டது, கைப்பேசியிலும் ஓடும். அதன் அமைப்பில் எனக்கு ஒரு தனி மதிப்பு. ஃபோர்ட் ஸ்டெர்லிங் என்ற மலைநகரத்தைச் சுற்றித்தான் கனிமம் அதிகம். ஆனால் கனிமத்தை உருக்கிக் கட்டியாக்க உபரி கிடைப்பது சதுப்புநிலத்தில் இருக்கும் தெட்ஃபோர்டில். மரம் லிம்ஹர்ஸ்ட் காட்டில், பலகை அறுக்க ஆதாயமான இடம் ஃபோர்ட் ஸ்டெர்லிங். எந்த ஊரிலும் விளைவதும் அதைப் பக்குவப்படுத்துவதும் ஒரே இடத்தில் இல்லாதபடி தெரிந்தே பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஊருக்கும் தனி அங்காடி, ஊருக்கு ஊர் தனி விலை. ஆகவே சாலையில் எந்நேரமும் ஆட்கள்.

எங்களில் ஒரு தம்பி சண்டையே போடமாட்டான். அவன் வேலை எருது ஓட்டுவது. மார்ட்லாக்கில் ஆயுதங்களை வாங்கி, எருதின் முதுகில் ஏற்றி, கேர்லியனில் உள்ள கறுப்புச் சந்தைக்குக் கொண்டுபோவான். அந்தச் சந்தை வாங்கும் பொருள்கள்தான் பின்னால் அரக்கர்களைக் கொல்லும்போது விழுபவை, அதாவது கொல்லனின் கைவேலையே சுற்றி வந்து வேட்டைக்காரன் கையில் சேருகிறது. கேர்லியனுக்குச் சிவப்பு மண்டலம் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே யாரும் யாரையும் கொல்லலாம், செத்தால் சரக்கு முழுக்கப் போயிற்று, அழியாமல் மிஞ்சுவது கொன்றவனுக்கு. தம்பி புறப்படும் இரவுகளில் எங்கள் குரல் அரட்டையில் சத்தமே இருக்காது. ஒருவர் முன்னால் வேவு பார்ப்பார். ‘அண்ணே, வாசல்ல மூணு பேர் நிக்கிறான், திரும்பிரவா?’ என்பான். ‘நில்லு, அவசரப்படாதே’ என்பேன். அவன் சரக்கு போய்ச் சேர்ந்த இரவில் கில்டு முழுக்க கொண்டாட்டம், வேறெந்த அரக்கனைக் கொன்றும் எங்களுக்கு அந்தக் கொண்டாட்டம் வந்ததில்லை.

உலகம் முழுவதற்கும் ஒரே பெட்டி வைத்த அன்றைக்கு இந்தத் தம்பிக்கு உங்கள் விளையாட்டில் வேலையில்லை. கில்டு வார்ஸ் 2இல் அப்படித்தான், அமெரிக்கச் சர்வரும் ஐரோப்பியச் சர்வரும் ஒரே அங்காடியைப் பகிர்ந்துகொள்கின்றன. நேர்த்தியான அங்காடி, வாங்குவோர் விலைகூட முன்கூட்டிப் பதியலாம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே சுமைகாரன் என்று ஒரு பிழைப்பே கிடையாது.

இனி விலையை நடுவில் வை என்று நான் சொன்னதற்கு வருகிறேன். ஈவில் பக்கத்து வட்டாரத்து விலையும் ஆல்பியனில் பக்கத்து ஊர் விலையும் தெரிய நீங்கள் அங்கே போயிருக்க வேண்டும், அல்லது அங்கே ஓர் ஆள் வைத்திருக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் விடுவார்களா? ஆல்பியன் டேட்டா புராஜெக்ட் என்று ஒன்றைத் தொடங்கி, ஆளாளுக்குக் கணினியில் ஒரு நிரலை ஓடவிட்டு, ஊர் ஊராக விலையைச் சேகரித்துப் பொதுவில் வைத்துவிட்டார்கள். ஆக, விலையை மறைப்பது நடக்காத காரியம். தெரிந்தவனுக்குத் தெரியும், தெரியாதவன் நஷ்டப்படுவான், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு பழைய முறை இருந்தது. எங்கள் ஐயா சின்ன வயதில் பர்மாவில் பெட்டியடிப் பையனாக இருந்தவர், அவர் சொல்லித்தான் எனக்கு முதலில் தெரியும். ரங்கூன் முகல் தெருவில் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார்கள் மாதாமாதம் கோயிலில் கூடி நடப்பு வட்டியைத் தீர்மானிப்பார்கள். தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கு அந்த மாதம் அதுதான் விகிதம். செய்தி ஐராவதி டெல்டாவின் ஊர்களில் இருந்த கடைகளுக்கெல்லாம் போய்ச் சேரும். விகிதம் பொது. பணமோ அந்தந்தக் கடையின் பெட்டியில்தான். யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு கூட்டிக் கொடுப்பது என்பதெல்லாம் அந்தக் கடை ஏஜெண்டின் சாமர்த்தியம். (கூட்டிக் கொடுத்த கடனில் பர்மிய விவசாயி நிலத்தை இழந்த கதையும் உண்டு. முறையைப் பாராட்டும்போது அதையும் சொல்லிவிட வேண்டும்.) உங்கள் விளையாட்டிலும் இதைச் செய்யலாம். எந்த ஊரில் என்ன சரக்கு நேற்று என்ன விலைக்குப் போயிற்று, எத்தனை போயிற்று, கடந்த ஒரு மாதத்தில் ஏறியதா இறங்கியதா என்பது எந்த ஊரில் நின்று பார்த்தாலும் தெரியட்டும். நேற்று வந்த புது ஆளுக்கும் தெரியட்டும். வாங்க வேண்டுமென்றால் போகட்டும், இல்லையேல் கூலி கொடுத்து ஆள் பிடிக்கட்டும். அப்படி வைத்தால் லாபம் சுமந்ததற்கும் துணிந்ததற்கும் கிடைக்கும், வெறுமனே தெரிந்து வைத்திருந்ததற்குக் கிடைக்காது. எங்கள் கில்டுக் கணக்குப்பிள்ளையான எனக்கு இதில் நஷ்டம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

இன்னொரு பிரிவினை முக்கியம். எல்லாப் பொருளும் ஒரே ஜாதி இல்லை. கனிமம், மூலிகை, தோல் இவற்றில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பேதமில்லை. இவற்றை விலைப்பட்டியலில் அடுக்கி, வாங்குவோரும் விற்போரும் தொகை பதிந்துவைத்தால் தானாகப் பொருந்திப் போகும்படி செய்யுங்கள். ஆனால் ஆறு குணங்கள் அதிருஷ்டப்படி அமைந்த ஒரு வாளைப் போல இன்னொரு வாள் கிடையாது. எங்கள் தெருவில் பழைய இரும்பு எடைக்குப் போகும், அதற்கு நான் கடையில் இருக்கவே வேண்டியதில்லை. தேக்குத் தூண் அப்படிப் போகாது. வாங்க வருகிறவர் தட்டிப் பார்ப்பார், குனிந்து அடிப்பாகத்தைப் பார்ப்பார், எந்த ஊர் வீடு, எப்போது இறக்கியது என்று கேட்பார், டீ குடிப்பார், மறுநாள் வருவதாகச் சொல்லிப் போவார். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் இந்தப் பேதத்தை 2022இல்தான் அமல்படுத்தியது. மூலிகை, கனிமம் போன்ற சரக்குகளை வட்டாரம் முழுவதற்கும் பொதுவாக்கிவிட்டு, ஆயுதம் கவசங்களைப் பழையபடி அந்தந்தச் சர்வரிலேயே வைத்தது. என் யோசனைக்கு அவர்கள் செய்தது பாதி எதிர்தான், அவர்கள் பொதுவாக்கியதை நான் ஊரூராக வைக்கச் சொல்கிறேன். ஆனாலும் பிரித்தார்களே, அது சரி.

தனித்தன்மை உள்ள பொருளுக்கு ஆட்டக்காரனே நடத்தும் கடை வையுங்கள். பெயர்ப்பலகை, கடை இருக்கும் தெரு, ஆட்டத்தைவிட்டுப் போனாலும் விற்கக் கூடிய ஒரு வேலையாள். 1997இல் வந்த அல்டிமா ஆன்லைனிலேயே ஆட்டக்காரர்கள் தங்கள் வீட்டு வாசலில் விற்பனையாள் நிறுத்தி வைத்திருந்தார்கள், புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. செய்த கொல்லனின் பெயர் வாளில் இருக்கட்டும். பேரம் பேசும் வசதி இருக்கட்டும். முகம் பார்த்து வாங்கினோம் என்று ஏங்குகிறவர்கள் இங்கே வரட்டும். நூறு மூலிகைக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை.

வரி போடத்தான் வேண்டும். புதிய காசு அரக்கன் வயிற்றிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது, எங்காவது வெளியேறாவிட்டால் எல்லா விலையும் ஏறிக்கொண்டே போகும். வார்கிராஃப்ட்டில் விற்றதில் 5 சதவீதம், கில்டு வார்ஸ் 2இல் பட்டியலிட 5, விற்றால் 10. இந்த அளவுக்குள் எங்கேயாவது நில்லுங்கள். பிளாக் டெசர்ட்டின் மைய அங்காடியில் 35 சதவீதம் பிடிக்கிறார்கள், காசு கொடுத்து ஒரு சலுகைப் பொதி வாங்கினால் குறையும். வரியை உயர்த்திவிட்டு அதைக் குறைப்பதையே விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே விலைக்கு மேல்வரம்பும் உண்டு. கிடைக்காத பொருளுக்கு விலை ஏற முடியாது, அதனால் எல்லாரும் வரம்பு விலைக்கு முன்பதிவு செய்துவிட்டுக் காத்துக் கிடக்கிறார்கள், யாருக்கு அடிக்கும் என்பது குலுக்கல் மாதிரி ஆகிவிடுகிறது. பதுக்கலைத் தடுக்க அதைவிட ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் முறை மேல். நான்கு மணி நேரத்துக்கு ஒருவர் இத்தனைதான் வாங்கலாம் என்று பொருளுக்குப் பொருள் அளவு வைத்திருக்கிறார்கள்.

உண்மை ரூபாயை மட்டும் இதற்குள் விடாதீர்கள். நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் போட்டிருக்கிறது, தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டுச் சட்டம் வேறு இருக்கிறது. உங்கள் அங்காடி அதற்குள் வருமா வராதா என்பதை வக்கீலிடம் கேளுங்கள். நான் சொல்வது வேறு காரணம். கவுண்டர் ஸ்ட்ரைக் 2இல் துப்பாக்கி, கத்தித் தோல்களை, அதாவது ஆயுதத்தின் தோற்றத்தை மட்டும் மாற்றும் அலங்காரங்களை, உண்மைப் பணத்துக்கு வாங்கி விற்கிறார்கள். 2025 அக்டோபரில் வால்வ் நிறுவனம் ஒரு விதியை மாற்றியது. அபூர்வமான சிவப்புத் தோல்கள் ஐந்தைக் கொடுத்தால் கத்தி கிடைக்கும் என்றது. கத்தி விலை சரிந்தது. சேமிப்பை அதில் போட்டவர்கள் தலையில் கை வைத்தார்கள். விதியை மாற்றுவது விளையாட்டு செய்பவரின் அன்றாட வேலை. ரூபாய் உள்ளே வந்துவிட்டால், ஒரு வாளின் வீச்சைக் குறைப்பதற்குள் எவருடைய வீட்டுக் கடன் பாதிக்கப்படும் என்று யோசிக்க வேண்டியவர்களாகிவிடுவீர்கள்.

அங்காடியே வேண்டாம் என்கிறவர்களையும் கைவிட வேண்டாம். ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் 2014 முதல் ‘அயர்ன்மேன்’ என்று ஒரு வகை இருக்கிறது. அதில் யாரோடும் வியாபாரம் கிடையாது, எல்லாம் சுயமாகச் சம்பாதிக்க வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னம் தொங்கும், அதில் அவர்களுக்கு அலாதிப் பெருமை. வைப்பதற்கும் பெரிய செலவில்லை. அதே விளையாட்டு 2013இல் அங்காடி இல்லாமல்தான் மறுபிறவி எடுத்தது. ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, நான்கில் மூன்று பங்கு ஆதரவு கிடைத்தால்தான் எந்த மாற்றமும் என்று விதி வைத்திருந்தார்கள். 2015இல் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் திரும்பி வந்தது அப்படித்தான்.

நீங்களும் கேட்கிறீர்கள், நல்ல காரியம். ஆனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். மூலிகையை எப்படி விற்க வேண்டும், வாளை எப்படி விற்க வேண்டும் என்று பிரித்துக் கேளுங்கள். சரக்கு சுமப்பதற்கு எவ்வளவு நேரம் செலவிடுவாய், வழியில் கொள்ளை போனால் ஆட்டத்தை விடுவாயா என்று கேளுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆடுவாய் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், பதில்கள் அதைப் பொறுத்துத் தலைகீழாக மாறும் என்று பந்தயம் கட்டுவேன்.

சோதனைச் சர்வர் திறக்கும்போது முழு உலகத்தையும் திறக்காதீர்கள். இரண்டு ஊர், நடுவில் ஒரு ஆபத்தான சாலை, இரண்டு ஊருக்கும் விலைப்பலகை போதும். எங்கள் கில்டை அழைத்தால் வந்து, எங்கே பதுக்கலாம், எங்கே விலையை ஆட்டலாம், எந்த ஓட்டையில் காசைப் பெருக்கலாம் என்று எங்களால் ஆனமட்டும் உடைத்துப் பார்த்துச் சொல்கிறோம். எருது ஓட்டும் தம்பி இப்போதே தயார். நேரம் மட்டும் இரவு பத்துக்கு மேல் வையுங்கள், அதற்கு முன் கடையை அடைக்க முடியாது.

அன்புடன்,
முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்காரன்
காரைக்குடி